மறுமொழி: மித்ராஷ் – "உரை" போதாதா?

வணக்கம். மித்ராஷ் என்பது யூத ரபீக்கள் (மத போதகர்கள்) வேத வசனங்களுக்குப் பொருள் காணும் முறை. அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதில் வந்த கேள்வி இது:

> விளக்கவுரை என்ற சொல் கையில் இருக்க, புதிதாக ஒன்று எதற்கு?

உரைகாரர் பாட்டைவிட்டு அதிகம் விலகமாட்டார். ரபீக்கள் அப்படியில்லை. வேதாகமத்தின் 22ஆம் சங்கீதத்தின் (துதிப்பாடலின்) தலைப்பில் "விடியலின் பெண்மான்" என்று எபிரேயத்தில் வருகிறது. மெட்டின் பெயராக இருக்கலாம். சங்கீதங்களுக்கான மித்ராஷ் நூலான மித்ராஷ் தெஹிலிமோ அந்த மான், யூதர்களைக் காத்த பாரசீக ராணி எஸ்தர்தான் என்கிறது. விடியலோடு இரவு முடிவதுபோல எஸ்தரோடு அற்புதங்கள் முடிந்தன என்று ரபீக்களின் விவாதத் தொகுப்பான தல்மூதின் யோமா பகுதி காரணம் சொல்கிறது. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று அதே சங்கீதத்தில் வரும் தாவீதின் வரி, அழைப்பில்லாமல் பாரசீக ராஜாவிடம் போகும் எஸ்தரின் வாய்க்கு வந்துவிடுகிறது (தல்மூதின் மெகில்லா பகுதி, 15). இதையும் பரிமேலழகர் செய்ததையும் ஒரே பெயரால் சொன்னால் படிப்பவர் குழம்பிப்போவார். சொல்லுக்குச் சொல் நேராகப் பொருள் காண்பதற்கு யூதர்களிடமே பெஷாத் என்று தனிச்சொல் உண்டு. அதற்கு 'நேர்ப்பொருள்' போதும்.

மித்ராஷின் வேர் த-ர-ஷ்: தேடு, விசாரி. துருவித் துருவிக் கேட்கிறான் என்கிறோமே, அதுதான். ஆகவே துருவுரை. செய்பவர் (தர்ஷான்) துருவுரையாளர். தேங்காய்த் துருவல் நினைவுக்கு வருகிறது என்பீர்கள், எனக்கும் வந்தது! ஆனால் ஒரே வசனம் பல பொருள் தரும் என்பதற்குத் தல்மூதில் வரும் ரபீ அபாயே காட்டும் ஆதாரமே ஒரு சங்கீத வரி: "தேவன் ஒருதரம் விளம்பினார், இரண்டுதரம் கேட்டிருக்கிறேன்" (62:11). துருவத் துருவ வரத்தான் செய்யும்.

'உள்ளுறை' ஒத்துவராது. அது புலவர் வைத்தது, இது படித்தவர் எடுத்தது.

----

ஐயா, வேர் 'தேடு' என்றால் தேடுரை என்றே வைக்கலாமே? மித்ராஷ் தெஹிலிம் நீதிமொழிகள் 11:27-இல் தொடங்குவதால் அதற்கு ஷோஹேர் தோவ், அதாவது 'நன்மையைத் தேடுகிறவன்', என்றும் பெயர். அதே வசனத்தின் பின்பாதியில் 'தீமையைத் தேடுகிறவன்' என்ற இடத்தில் எபிரேயத்தில் இருப்பது தோரேஷ். நீங்கள் சொன்ன அதே த-ர-ஷ்! தமிழ் வேதாகமம் இரண்டுக்கும் தேடுகிறவன் என்றே போட்டிருக்கிறது.

----

அம்மா, நல்ல பிடி. வசனத்தில் வினையாக வரும்போது 'தேடு' தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேடுபொறி, தேடுசொல் என்று பழகிய கண்ணுக்குத் தேடுரை என்றால் கூகுள் பெட்டியில் தட்டுவது என்றல்லவா படும்? மித்ராஷ் தெஹிலிம் நூலைச் 'சங்கீதத் துருவுரை' என்போம். முதலில் வரும் இடத்தில் மட்டும் மித்ராஷ் என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம். வேறு யாருக்காவது ஆட்சேபம் உண்டா?