பொருள்: சுழற்சான்று என்ற சொல் பற்றி (ஹேர்மிஸ் கப்பல் கட்டுரையை முன்வைத்து)

ஹட்டனிலிருந்து:

அன்பர்களுக்கு,

1942 இல் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையைத் திருத்தும்போது ஒரு சொல் இல்லாமல் கை நிற்கிறது. அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் ஆதாரமில்லாமல் ஒரு வரி ஏறுகிறது. பத்திரிகை ஒன்று அதை எடுத்துப் போடுகிறது. பிறகு யாரோ அந்தப் பத்திரிகையையே அந்த வரிக்கு மேற்கோளாக ஒட்டிவிடுகிறார்கள். இதற்கு ராண்டல் மன்றோ 2011 இல் ஒரு கேலிச்சித்திரத்தில் 'சைட்டோஜெனிசிஸ்' என்று பெயர் வைத்தார். நாமோ கட்டுரைக்குரிய பேச்சுப் பக்கத்தில் "ஆதாரம் சரியில்லை" என்று எழுதிவிட்டுப் போகிறோம். எந்த வகையில் சரியில்லை என்பது அடுத்தவருக்கு விளங்குவதில்லை. 'வட்டச் சான்று' சரிவருமா?

பண்டாரவளையிலிருந்து:

சேர், வட்டச் சான்று என்றால் கிராம சேவகரிடம் வாங்கும் கடுதாசி மாதிரிக் கேட்கிறது. 'தற்பிறப்புச் சான்று' என்றால் இன்னும் மோசம், பதிவாளர் கந்தோருக்கே போய்விடுவார்கள். 'எதிரொலி'யும் வேண்டாம். எதிரொலி தேய்ந்துதான் திரும்பும். இது பலத்துத் திரும்புகிறது. கோட்டி என்ற விலங்குக்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்று 2008 இல் ஒரு மாணவர் விளையாட்டாகச் சேர்த்த பெயர் நாளிதழ்கள்வரை போய், அவற்றையே ஆதாரமாகக் கொண்டு பக்கத்தில் நிலைத்தது.

சுழல் + சான்று = சுழற்சான்று. "இந்தத் தகவல் சுழன்று வந்தது" என்று வினையாகவும் எழுத வரும்.

நுவரெலியாவிலிருந்து:

சுழற்சான்று எனக்கும் சம்மதம். ஆனால் அந்த முத்திரையைக் குத்துமுன் சுழன்றது என்று காட்ட வேண்டும்.

ஹேர்மிஸையே எடுங்கள். அதன் நியமப் பெயர்ச்சி எடை (கப்பல் விலக்கும் நீரின் எடை) 10,850 தொன். இது 2,240 இறாத்தல் கொண்ட பிரித்தானிய தொன், மெட்ரிக்கில் 11,024. அலகு மாற்றும் வார்ப்புருவில் (பக்கத்தில் ஒட்டும் ஆயத்தத் துணுக்கில்) யாராவது 10,850 ஐ மெட்ரிக் என்று கொடுத்துவிட்டால், அது மறுபக்கம் மாற்றி 10,679 என்று துப்பும். கடற்படைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை, அது வார்ப்புருவின் பிள்ளை. அப்படியொரு எண் நாளிதழில் வந்தால், எழுதியவர் எங்கே பார்த்தார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. சரியான எண்ணில் இந்தத் தடயம் கிடைக்காது. ஹேர்மிஸ் மூழ்கி 307 பேர் மாண்டார்கள் என்று பத்துப் பேர் எழுதினால், பத்துப் பேரும் தனித்தனியே தேடியிருக்கலாம்.

வரி ஏறிய நாளைப் பிடிக்க, கட்டுரையின் பழைய பதிப்புகள் இருக்கும் வரலாற்றுப் பக்கத்தில் நடுப் பதிப்பைத் திறவுங்கள். வரி இருந்தால் பழைய பாதிக்குப் போங்கள், இல்லாவிட்டால் புதிய பாதிக்கு. 1,000 தொகுப்புகள் (திருத்தங்கள்) இருந்தாலும் பத்துத் தடவைக்குள் அகப்படும். இடையில் ஒருவர் நீக்கி இன்னொருவர் மீளச் சேர்த்திருந்தால் இந்த முறை ஏமாற்றும். அகப்பட்ட இடத்துக்கு முந்தைய பதிப்புகளையும் புரட்டிப் பாருங்கள்.

நம்மவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் வேறு. தமிழ்ப் பக்கம் பல வேளை மொழிபெயர்ப்பு. பத்திரிகை 2010, தமிழ்ப் பக்கம் 2012 என்று கண்டு திருப்திப்பட்டுவிடுவோம். வரி ஆங்கிலப் பக்கத்தில் 2007 இலேயே ஏறியிருக்கும். இரண்டு வரலாற்றையும் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நூல் என்றால் முதற்பதிப்பின் ஆண்டு வேண்டும், மறுபதிப்பின் ஆண்டு அல்ல. கலைக்களஞ்சியப் பக்கங்களையே திரட்டி அட்டை போட்டு விற்கும் பதிப்பகங்களும் உண்டு. அவை நூல்போல் தோன்றுவதால்தான் ஆபத்து.

பண்டாரவளையிலிருந்து:

ஒரு தடை, டீச்சர். பின்னால் வந்ததெல்லாம் சுழன்றது ஆகாது. காலையில் நிறுத்த தேயிலைக் கொழுந்தை அந்தி நிறுவைக்கும் தராசில் போட்டால் அது களவு. அதற்காக அந்திக்கு வந்த கொழுந்தெல்லாம் காலைக் கொழுந்தா? 1942 ஆவணங்களை நேரே பார்த்து ஒருவர் 2015 இல் எழுதினால், அது நல்ல ஆதாரம்தான். ஆகவே இரண்டு சொல் வேண்டும். நாள் மட்டும் பிந்தியிருந்தால் 'பின்வரவுச் சான்று'. பிழையோ சொல்லுக்குச் சொல் ஒற்றுமையோ அகப்பட்டால் 'சுழற்சான்று'.

"உலகின் முதல் விமானந்தாங்கிக் கப்பல்" என்ற வரிக்கு இரண்டுமே பொருந்தாது. விமானந்தாங்கியாகவே வரைந்து அடிமரம் போட்டுக் கட்டத் தொடங்கியதில் ஹேர்மிஸ் முந்தியது, 1918 இல். சேவைக்கு வந்ததில் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டது, 1922 டிசம்பரில்; ஹேர்மிஸ் வந்தது 1924 இல். இந்த வேறுபாட்டை விழுங்கியது வெறும் சுருக்கப் பிழை.

ஹட்டனிலிருந்து:

இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். வார்ப்புருவின் வாசகம் இப்படி இருக்கட்டும்: "இது சுழற்சான்று. வரி ஏறிய நாள்: … மேற்கோளின் நாள்: … தடயம்: …" மூன்று இடமும் நிரம்பாமல் வார்ப்புரு ஒட்டக்கூடாது, தடயம் இல்லாதவர் பின்வரவு வார்ப்புருவைப் பாவிக்கட்டும்.

மேற்கோளை நீக்கும்போது வரியையும் நீக்குங்கள், அல்லது விக்கிப்பீடியா தொடங்கிய 2001 க்கு முந்தைய ஆதாரம் ஒன்றை வையுங்கள். மேற்கோள் போய் வரி மட்டும் நின்றால், மட்டக்களப்புக் கடலில் கப்பல் மூழ்கிய ஏப்ரல் 9 வரும்போது இன்னொரு பத்திரிகை அதை அப்படியே எடுத்துப் போடும்.