ஒன்ராறியோ ஏரியில் சினூக் சால்மன் ட்ரோலிங் (ஓடும் படகின் பின்னே இரையை இழுத்துப் பிடித்தல்): ஐந்து மணிநேரம் இழுத்தும் மீன் படவில்லை, தவறு எங்கே?

கரைநின்றவன்:

வணக்கம். வேலையிடத்தில் அண்மையில் பழக்கமான மூவர் சென்ற சனிக்கிழமை என்னைத் தங்கள் படகில் அழைத்துச் சென்றார்கள். நான் இதுவரை ஆற்றங்கரையில் நின்று மட்டுமே தூண்டில் போட்டவன். விடிவதற்கு முன்பே மிசிசாகாவின் போர்ட் கிரெடிட் துறையிலிருந்து புறப்பட்டு, 35 மீற்றர் ஆழமுள்ள பகுதியில் இரண்டு டவுன்ரிகர்களையும் (கம்பியில் தொங்கும் குண்டால் இரையை ஆழத்தில் நிறுத்தும் கருவி) 15 மீற்றரில் நிறுத்தி, ஸ்பூன் எனும் உலோக இரைகளையும், மினுங்கி மீனை ஈர்க்கும் ஃப்ளாஷர்களையும் ஐந்து மணிநேரம் இழுத்தோம். மேற்பரப்பு நீர் 21 பாகை செல்சியஸ் இருந்தது. ஜிபிஎஸ் மணிக்கு 3.5 கிலோமீற்றர் வேகம் காட்டியது. எங்களுக்கு வெளியே, இன்னும் ஆழத்தில் ஓடிய படகுகளில் மீன் ஏறுவதைக் கண்ணால் கண்டோம். படகுக்காரர் ஸ்பூனின் நிறத்தைப் பத்து முறையாவது மாற்றியிருப்பார். ஒரேயொரு முறை, இடப்பக்கமாகத் திரும்பும்போது வலப்பக்கத் தடி வளைந்தது. எடுப்பதற்குள் மீன் கழன்றுவிட்டது. அதற்கு முந்திய இரண்டு நாள்களும் கிழக்குக் காற்று பலமாக வீசியிருந்தது. அடுத்த கிழமையும் அழைத்திருக்கிறார்கள். தவறு எங்கே என்பதோடு, புதியவனாகிய நான் படகில் எப்படி உதவலாம் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கூதல்காற்று:

நிறத்தைப் பற்றிய கவலையை ஒருபுறம் வையுங்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள்: கிழக்குக் காற்று.

கோடையில் இந்த ஏரியின் நீர் இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கும். மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த நீர், இடையே சில மீற்றருக்குள் வெப்பநிலை சட்டென்று விழும் ஒரு மெல்லிய அடுக்கு. சினூக் பெரும்பாலும் 10 முதல் 13 பாகை வரையுள்ள நீரை நாடி, அந்த அடுக்கையொட்டி ஏல்வைஃப் எனும் சிறுமீனைத் துரத்தித் திரியும். காற்று தள்ளும் மேற்பரப்பு நீர், பூமியின் சுழற்சியினால், காற்றின் திசைக்கு வலப்பக்கமாக விலகுகிறது. ஆகவே மேற்குக் காற்று நீடித்தால் நம் வடகரையின் வெந்நீர் தெற்கே விலகி, குளிர்ந்த நீர் கரையருகே மேலெழும். கிழக்குக் காற்று நீடித்தால் வெந்நீர் வடகரையில் குவிந்து, குளிர்ந்த அடுக்கைக் கீழே அமுக்கிவிடும். நீங்கள் சென்ற நாளில் 15 மீற்றரிலும் வெந்நீரே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. வெளியே ஓடிய படகுகளுக்கு மீன் பட்டதும் அதற்குப் பொருந்துகிறது. டவுன்ரிகர் குண்டோடு சேர்த்து இறக்கும் வெப்பமானி இல்லாவிட்டால், கயிற்றில் கட்டிய சாதாரண வெப்பமானியாவது கொண்டுசெல்லுங்கள். மேலே இழுக்கையில் அளவு சற்று மாறும் என்றாலும், ஒன்றுமில்லாததைவிட அது மேல்.

மீதிப் பாதி அந்த ஒற்றைக் கடி. படகு இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கத்து இரை வட்டத்தின் வெளிவிளிம்பில் வேகமாகவும், இடப்பக்கத்து இரை மெதுவாகவும் ஓடும். வெளிப்பக்கத் தடி வளைந்தது என்றால், நேராக ஓடும்போது உங்கள் இரை மந்தமாக இருந்திருக்கலாம். ஜிபிஎஸ் காட்டுவது நிலத்தைச் சார்ந்த படகின் வேகம் மட்டுமே. ஆழத்தில் நீரோட்டம் படகு போகும் திசையிலேயே ஓடினால், இரை நீரில் ஏறத்தாழ மிதந்துகொண்டிருக்கும். அரை கிலோமீற்றர் கூட்டிப் பாருங்கள், எதிர்த்திசையிலும் ஓடிப் பாருங்கள். டவுன்ரிகர் கம்பி படகிலிருந்து பின்னோக்கி எவ்வளவு சரிகிறது என்பதைக் கவனித்தால் நீரோட்டம் ஓரளவு பிடிபடும். அந்தச் சரிவினால், டவுன்ரிகரில் இறக்கிய கம்பியை அளக்கும் எண்ணி காட்டும் ஆழத்தைவிடக் குண்டு சற்று மேலேதான் நிற்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பழைய வள்ளம்:

கூதல்காற்று சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன், ஆனால் பிறருடைய படகில், அதுவும் இரண்டாவது பயணத்திலேயே, "வேகம் பிழை" என்று தொடங்காதீர்கள். வெப்பமானியை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அது பேசிக்கொள்ளும்.

புதியவருக்கு மிகவும் பொருத்தமான வேலை குறிப்பெழுதுவது. மீன் கடித்த கணத்தில் எந்தத் தடி, எவ்வளவு ஆழம், எத்திசை, என்ன வேகம் என்று ஒரு தாளில் குறியுங்கள். பரபரப்பில் அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். அடுத்தது, மீன் பட்டதும் பக்கத்துத் தடியின் இரையைச் சுருட்டிக் குண்டை மேலே ஏற்றுவது. பெரிய சினூக் அந்தக் கம்பியில் நூலைச் சுற்றி அறுத்துவிடும். தடி உங்கள் கையில் இருந்தால், நூல் வெளியேறுவதைத் தடுக்கும் டிராக்கை இறுக்காதீர்கள், மீன் ஓடும்போது ஓடவிடுங்கள். எரிபொருள் செலவில் உங்கள் பங்கை அவர்கள் கேட்கும்முன் கொடுத்துவிடுங்கள். மீன்பிடி உரிமம் உங்கள் பெயரில் தனியாக இருக்க வேண்டும், படகுக்காரருடையது உங்களுக்குச் செல்லாது.

கரைநின்றவன்:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று போய்வந்தோம். வெப்பமானி 12 பாகையைக் காட்டியது 27 மீற்றரில்! அங்கே இறக்கி, வேகத்தையும் 4.2 ஆக்கியபின் இரண்டு கடிகள் வந்தன. முதலாவது ஏழு கிலோ. படகுக்காரர் என் கையில்தான் தடியைத் தந்தார். இரண்டாவதை நான் வலையால் அள்ள முயன்று தவறவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அரை மணிநேரம் படகில் பேச்சே இல்லை. மீனின் பாதி இப்போது என் வீட்டில் இருக்கிறது; பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பழைய வள்ளம்:

வாலுக்குப் பின்னால் வலையைக் கொண்டுபோயிருப்பீர்கள். வலையை நீரில் அசையாமல் பிடித்துக்கொண்டிருங்கள், தடி பிடித்தவர் மீனின் தலையை அதற்குள் நடத்திவர வேண்டும். நானும் முதல் வருடத்தில் இரண்டை அப்படி விட்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும்முன் மாகாண அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியைப் பாருங்கள். மீனின் இனம், நீளம், பிடித்த இடம் ஆகியவற்றைக் கொண்டு மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்பது அதில் உள்ளது. பிள்ளைகளுக்கும் கருவுறக்கூடிய பெண்களுக்கும் தனி அளவு உண்டு. பெரிய சினூக்கின் கொழுப்பில் பிசிபி எனும் நச்சு வேதிப்பொருள் சேர்ந்திருக்கும் என்பதால் தோலையும், வயிற்றோரக் கொழுப்பையும், முதுகோரக் கொழுப்பையும், பக்கவாட்டிலுள்ள கரும்பகுதியையும் வெட்டியெறிந்துவிட்டு, கொழுப்பு வடியும்படி வாட்டிச் சமையுங்கள். குழம்பு வைத்தால் அந்தக் கொழுப்பு சட்டியிலேயே நின்றுவிடும்.