சேலத்தில் அபார்ட்மென்ட் ஹாலில் வாராவாரம் பால்ரூம் டான்ஸ்: ஜோடி இல்லாதவர்களை எப்படிச் சேர்ப்பது?

சூரமங்கலத்துக்காரர் கேட்டது:

வணக்கம். சூரமங்கலம் பக்கம் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு ஹால் இருக்கிறது, வளைகாப்பு, பிறந்தநாள், சங்கக் கூட்டம் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பெரியவர்களுக்கு பால்ரூம் டான்ஸ், அதாவது ஜோடியாகக் கைபிடித்து ஆடும் மேல்நாட்டு நடனம், ஆரம்பிக்கலாம் என்று நானும் என் மனைவியும் நினைக்கிறோம். போட்டி, மேடை எதுவும் கிடையாது. ஐம்பது தாண்டியவர்கள் வாரத்துக்கு ஒருதரம் சேர்ந்து ஆட வேண்டும், அவ்வளவுதான். புனேயில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அதில் வால்ட்ஸ், கொஞ்சம் சா-சா-சா என்று இரண்டு வகை கற்றுக்கொண்டோம், ஊர் திரும்பிய பிறகு அது இல்லாமல் வாரமே வெறுமையாக இருக்கிறது.

பேர் கொடுத்தவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆண்கள் "பார்க்கலாம் சார்" என்று நழுவுகிறார்கள். கணவரை இழந்த அக்கா ஒருவருக்கு வர ரொம்ப ஆசை, ஆனால் ஜோடி இல்லையே என்று தயங்குகிறார். அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது, எனக்கு அதுதான் முக்கியம். சங்கத்தில் ஒருவர், அடுத்த வீட்டுக்காரர் கையைப் பிடித்து ஆடுவதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படுமா என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். தரை வழவழ டைல்ஸ். எந்த ஆட்டத்தில் ஆரம்பிப்பது, தனியாக வருபவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஃபேர்லேண்ட்ஸ் வாசி:

சார், தாராளமாக ஆரம்பியுங்கள். பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் சோஷியல் டான்ஸுக்குத் தொடர்ந்து போனவன் நான், அங்கே பாதிப் பேர் தனியாகத்தான் வருவார்கள். எல்லாரையும் வட்டமாக நிறுத்தி, ஒரு பாட்டு முடிந்ததும் லீட் செய்பவர்கள், அதாவது ஜோடியில் ஆட்டத்தை நடத்திக் கூட்டிப்போகிறவர்கள், மட்டும் அடுத்த ஆளிடம் நகர வேண்டும். யாரும் யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை, யாரும் ஓரத்தில் நிற்க வேண்டியதும் இல்லை. கற்றுக்கொள்ளவும் இதுதான் நல்ல வழி. ஒரே ஆளோடு ஆடிக்கொண்டிருந்தால் அவர் அடுத்த ஸ்டெப்பை மனப்பாடமாகப் போட்டுவிடுவார், உங்கள் கையும் உடம்பும் என்ன சொல்கிறது என்று கவனிக்கவே மாட்டார்.

முதல் மாதம் வால்ட்ஸ் மட்டும் போதும். அது மூன்று எண்ணிக்கை, நம்ம திஸ்ரம், "தகிட தகிட" என்று வாயால் சொல்லிக்கொண்டே நடந்தால் கால் தானாகப் பிடித்துக்கொள்ளும். லீட் செய்பவர் இடது கால் முன்னே, வலது கால் பக்கவாட்டில், இடது காலைக் கொண்டுவந்து சேர்ப்பது, அடுத்த மூன்றில் வலது கால் பின்னே, இடது பக்கவாட்டில், வலதைச் சேர்ப்பது. தரையில் ஒரு பெட்டி வரைந்த மாதிரி ஆகிவிடும். எதிரே இருப்பவர் முதலில் வலது காலைப் பின்னே வைப்பார். போட்டிகளில் ஸ்லோ வால்ட்ஸ் நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டு வரை போகும், புதியவர்களுக்கு அதற்கும் கொஞ்சம் குறைவாக வைத்தாலும் தப்பில்லை. வியன்னீஸ் வால்ட்ஸ் என்ற வேகமான வகை 180-ஐத் தொடும், அந்தப் பக்கமே இப்போதைக்குப் போகாதீர்கள். திஸ்ரத்தில் இருக்கிறதே என்று எல்லா சினிமாப் பாட்டையும் போடவும் முடியாது, பல பாட்டு இதற்கு வேகம் அதிகம். போனில் மெட்ரோனோம், அதாவது தாளம் தட்டிக் காட்டும் ஆப், வைத்து அளந்து பாருங்கள்.

ஏற்காட்டு அக்கா:

ஆண்கள் வருகிறார்களா என்று காத்திருக்கவே வேண்டாங்க. பெண்கள் லீட் செய்யக் கற்றுக்கொள்ளட்டும். எங்கள் பக்கம் நாங்கள் சில பேர் சேர்ந்து ஆடுகிறோம், லீட் செய்கிறவர் மணிக்கட்டில் ஒரு ரிப்பன் கட்டிக்கொள்வார், அடுத்த பாட்டுக்கு வேண்டுமானால் ரிப்பன் கை மாறும். நீங்கள் சொல்கிற அந்த அக்காவுக்கு முதல் நாளே ஒரு ரிப்பனைக் கட்டிவிடுங்கள். ஜோடி தேடிக் காத்திருக்கும் நிலையே அவருக்கு வராது.

சங்கத்துக்காரர் கேட்டதைத் தள்ளிவிடாதீர்கள், அந்தக் கவலை பல வீட்டில் இருக்கும். ஆடுவதற்கு உடம்பு ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. முழங்கையை மடித்து, ஒருவர் மேல்கையை மற்றவர் பிடித்துக்கொண்டு ஒரு கை தூரத்தில் நின்றே முழு வால்ட்ஸும் ஆடலாம், பிராக்டிஸ் ஹோல்டு என்பார்கள். கணவனும் மனைவியுமாக மட்டும் ஆட விரும்புகிறவர்கள் வட்டத்துக்கு உள்ளே நின்றுகொள்ளலாம், நகர வேண்டாம். யாரும் "இந்தப் பாட்டுக்கு நான் உட்காருகிறேன்" என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது. இந்த மூன்றையும் முதல் நாளே எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். ஹால் கதவைத் திறந்தே வையுங்கள், அந்த சாரையும் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் உடை. பின்பக்கமாக நடக்கும்போது புடவைக் கொசுவத்தைத் தானே மிதித்துக்கொள்வது நடக்கும், சுடிதார் நல்லது, புடவைதான் என்றால் கணுக்கால் தெரிய ஏற்றிக் கட்டுங்கள். நம்ம ஊர்க் கொலுசு சும்மா இருக்காது, முத்து வைத்தது பேன்ட் துணியில் மாட்டி இழுக்கும், அன்றைக்கு மட்டும் கழற்றி வைக்கலாம். மெட்டி போட்ட விரலை எதிராளி மிதித்தால் உயிர் போகும். அதனால் விரல் மூடிய செருப்பு கட்டாயம்.

அம்மாபேட்டை பிசியோ:

டைல்ஸ் பற்றி ஒரு வார்த்தை. சாக்ஸோடு ஆடவே விடாதீர்கள், விழுந்தால் இடுப்பெலும்புதான் முதலில் போகும். அதற்காகப் பிடிப்பு அதிகமான ரப்பர் ஷூவும் வேண்டாம், உடம்பு திரும்பும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டு முட்டி முறுக்கிக்கொள்ளும். தேய்ந்த தோல் அடி உள்ள ஷூ நடுத்தரமாக இருக்கும். தரையில் பவுடர் தூவுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். மாப் போட்டால் நன்றாகக் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.

ஆடிக்கொண்டே ஹாலைச் சுற்றும்போது எல்லாரும் வலஞ்சுழிக்கு எதிராக, அதாவது கோயிலைச் சுற்றும் திசைக்கு நேர் எதிரில் நகர வேண்டும், உலகம் முழுக்க இதுதான் வழக்கம். வேகமாக நகர்பவர்கள் வெளி ஓரம், மெதுவாக ஆடுபவர்கள் நடுவில். சுவரோரமாக நாற்காலி போட்டு வையுங்கள், மூச்சு வாங்கினால் உடனே உட்கார இடம் வேண்டும்.

மறதி நோய்க்கு டான்ஸ் நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருவது 2003-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வை வைத்துத்தான். நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், உடலை அசைக்கும் பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதி நோய் குறைவதோடு சேர்ந்து வந்தது. ஆனால் மூளை நன்றாக இருப்பவர்கள்தான் ஆடப் போகிறார்கள் என்றும் இருக்கலாம், அதனால் மருந்து மாதிரி விளம்பரம் செய்யாதீர்கள். பேலன்ஸ் தேறும், வாரம் ஒருதரம் நாலு பேரைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதுவே எனக்குப் போதுமான காரணம்.

சூரமங்கலத்துக்காரர்:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ரிப்பன் யோசனையை அந்த அக்காவிடம் சொன்னேன், "அப்போ நானே கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டார், வருகிறார். சங்கத்து சாரும் முதல் நாள் வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை ஆறரைக்கு வைத்திருக்கிறோம், அதற்கு முன்னால் ஹாலில் அனல் தாங்காது. நிமிடத்துக்கு 90 தட்டுக்குள் இருக்கும் திஸ்ரப் பாட்டு யாருக்காவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் லிஸ்ட் தயார் செய்ய வேண்டும்.