ஓட்டுக் கூரைக்கும் தகரக் கூரைக்கும் சோலார் மவுண்டிங் சாமான்: இறக்குமதி செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சோலார் பேனல் மாட்டும் வேலை செய்கிறேன். இப்போது கையில் மூன்று வீடு, மூன்றும் வேறு வேறு கூரை. காங்கிரீட் தளம் பிரச்சினை இல்லை, சாய்வு ஸ்டாண்ட் வைத்துச் சமாளித்துவிடுவேன். மற்ற இரண்டும்தான் படுத்துகின்றன.

ஓட்டுக்கு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஹூக் வேண்டும். ஹூக்கின் கை ஓட்டின் மேலேயே அழுந்தி உட்கார்ந்தால், காற்று அடிக்க அடிக்க ஓடு விரிசல் விட்டுவிடும். மடிப்புத் தகரத்துக்கு, துளை போடாமல் மடிப்பையே கவ்விப் பிடிக்கும் அலுமினிய கிளாம்ப் வேண்டும்.

போன முறை வெளிநாட்டு சப்ளையர் ஒருவரிடம் வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் எண்ட் கிளாம்ப் (வரிசையின் கடைசி பேனலின் ஓரத்தைப் பிடிக்கும் கவ்வி) அத்தனையும் 40 மி.மீ.; பேனல் ஃபிரேமோ 35. பில்லில் என்னவோ 35 என்றுதான் இருந்தது! போல்ட்டுகள் பெயருக்குத்தான் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத ஸ்டீல் வகை), முதல் மழைக்கே துரு.

நேரடியாக இறக்குமதி செய்தவர்கள் இருக்கிறீர்களா? கன்டெய்னர் நிறைய வாங்க எனக்கு வசதியில்லை. சாம்பிள் அனுப்பி, மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட்டும் காற்றுச் சுமைக் கணக்கும் தருகிற சப்ளையர் வேண்டும். அப்புறம், மூன்று கூரைக்கும் ஒரே ரெயில் (பேனல்களைத் தாங்கும் நீளச் சட்டம்) பொருந்தினால் இன்னும் நல்லது. இன்பாக்ஸில் சொன்னாலும் சரி.