போட்டோமீட்டரில் குமிழ் நகரவே இல்லை, எங்கே தவறு செய்கிறேன்?

கரும்பலகை:
வணக்கம். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் இருந்த கேனாங் போட்டோமீட்டர் (செடி உறிஞ்சும் நீரைக் குழாயில் நகரும் காற்றுக்குமிழை வைத்து அளக்கும் கருவி) உடைந்துவிட்டது. படம் மட்டும் வரைய வைத்துப் பிள்ளைகளை அனுப்ப மனம் வரவில்லை. அதனால் நானே ஒன்று செய்தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், இரண்டு துளை போட்ட ரப்பர் கார்க், ஒரு துளையில் செடியின் கிளை, மற்றொன்றில் சலைன் ஏற்றும் குழாய். குழாயின் மறுமுனை தண்ணீர் உள்ள டம்ளருக்குள். முனையை ஒரு நொடி வெளியே தூக்கிக் காற்றுக்குமிழ் விட்டேன்.

கார்க்கை அழுத்தியதும் குமிழ் நாலைந்து மில்லிமீட்டர் நகர்ந்தது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பாடவேளை முழுக்க நாற்பது பிள்ளைகள் சுற்றி நின்று அதையே பார்த்தார்கள். மூன்று நாளாக இதே கதை. கிளை, பள்ளி வாசலில் இருக்கும் அரளியில் பறித்தது. வெளியே மழை, ஜன்னலெல்லாம் சாத்தித்தான் இருக்கும். அடுத்த வாரம் மறுபடி செய்து காட்டுவதாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். உதவுங்கள்.

பழைய ஆய்வகம்:
மேடம், முதலில் ஒரு கேள்வி. கிளையை எப்படி வெட்டினீர்கள்? செடியில் வெட்டி, கையில் எடுத்து வந்து கார்க்கில் செருகினீர்களா?

கரும்பலகை:
ஆமாம் சார். காலையில் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். பாடவேளை மதியம்தான்.

பழைய ஆய்வகம்:
பாதிப் பிரச்சினை அங்கேதான். இலைகள் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் சைலத்தில், அதாவது தண்டுக்குள் நீரை மேலே கொண்டுபோகும் நுண்குழாய்களில், உள்ள நீர்த்தம்பம் எப்போதும் இழுவிசையில் இருக்கிறது. கத்தி பட்ட நொடியில் அந்த நீர் உள்ளே சுருங்க, அதன் பின்னாலேயே காற்று நுழைந்துவிடும். தம்பம் அறுந்த சைலக்குழாயில் நீர் ஏறாது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால்தான் மரத்தின் உச்சிவரை நீர் போகிறது என்று டிக்சன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் 1894இல் சொன்னார்கள். உங்கள் கிளையில் அந்தப் பிடி காலையிலேயே விட்டுப்போயிற்று.

செய்ய வேண்டியது இது. வாளி நிறையத் தண்ணீரோடு செடிக்குப் பக்கத்தில் போங்கள். தேவைக்கு ஒரு சாண் அதிகமாகவே வெட்டி, உடனே அடிப்பகுதியைத் தண்ணீருக்குள் முக்குங்கள். தண்ணீருக்கு அடியிலேயே, முதலில் வெட்டிய இடத்துக்கு ஐந்தாறு செ.மீ. மேலே, கூர்மையான பிளேடால் சாய்வாக மறுபடி வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், தண்டை நசுக்கிவிடும். பாட்டிலையும் அதே வாளிக்குள் மூழ்க வைத்து, கார்க்கைத் தண்ணீருக்கு உள்ளேயே பொருத்துங்கள். வெளியே எடுத்ததும் இலைகளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க மறக்காதீர்கள். நனைந்த இலையில் நீராவிப்போக்கு சரியாக நடக்காது.

தோட்டக்காரி:
அரளியை மாற்றுங்கள் டீச்சர். அதன் இலையின் அடிப்பக்கத்தைக் கை லென்ஸில் பாருங்கள். சின்னச் சின்னக் குழிகள் தெரியும், குழிக்குள் பஞ்சு மாதிரி ரோமம். இலைத்துளைகள் அந்தக் குழிகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. தண்ணீரைச் சேமிக்கவே அமைந்த இலை அது. தவிர, அரளி முழுக்க விஷம். பிள்ளைகள் வெட்டிவிட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுக்குப் போனால் ஆபத்து.

கத்தரிச்செடி கிடைக்குமா பாருங்கள். தண்டு கட்டை மாதிரி உறுதி, கார்க்கில் இறுக்கமாக உட்காரும். இலை அகலம், மெல்லியது. நன்றாக உறிஞ்சும்.

இரட்டைப் பாடவேளை:
சலைன் குழாயின் உள்விட்டம் கிட்டத்தட்ட 3 மி.மீ. இருக்கும். கேனாங் கருவியில் இருப்பது நுண்குழாய். விட்டம் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது, அதாவது ஒன்பது மடங்கு வித்தியாசம். நுண்குழாயில் 9 செ.மீ. ஓட வேண்டிய குமிழ் உங்கள் குழாயில் 1 செ.மீ.தான் நகரும். வேதியியல் ஆய்வகத்தில் 1 மி.லி. பிப்பெட் கேட்டு வாங்குங்கள். அதில் 0.01 மி.லி. வரை கோடு இருப்பதால் கணக்குக்கூடப் போட வேண்டாம், நேராகப் படித்துவிடலாம். சின்னத் துண்டு ரப்பர் குழாயால் இணைத்து, படுக்கைவாக்கில் வையுங்கள்.

முதலில் நாலைந்து மி.மீ. நகர்ந்தது செடி குடித்ததால் இருக்காது. கார்க்கை அழுத்தும்போது மாறிய அழுத்தம் சமநிலைக்கு வந்திருக்கும், அவ்வளவுதான்.

கசிவும் பார்க்க வேண்டும். கிளைக்குப் பதிலாக அதே பருமனில் ஒரு கண்ணாடிக் கோலைச் செருகிப் பத்து நிமிடம் விடுங்கள். குமிழ் அசையக்கூடாது. அசைந்தால் கார்க்கைச் சுற்றி வாசலின் பூசுங்கள். வாசலின் தண்டின் வெட்டுவாயில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

கரும்பலகை:
மூவருக்கும் மிக்க நன்றி. இன்று செய்தேன், நகர்ந்தது! சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கத்தரிச்செடியில் ஐந்து இலை உள்ள கிளை. வாளிக்குள் வெட்டும்போது வெட்டுவாயிலிருந்து மணிமணியாக இரண்டு குமிழ் மேலே வந்ததைப் பிள்ளைகளே பார்த்தார்கள். கண்ணாடிக் கோல் சோதனையில் ஒரு கசிவு பிடிபட்டது, அதையும் அடைத்தேன்.

ஃபேன் இல்லாமல் 10 நிமிடத்தில் 0.08 மி.லி. ஃபேன் போட்டதும் 0.13. இலைகளின் அடிப்பக்கம் வாசலின் தடவியபின் 0.02தான். குமிழ் பிப்பெட்டில் ஒவ்வொரு கோடாகத் தாண்டும்போது பின் வரிசைப் பையன்கள் சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

பழைய ஆய்வகம்:
மிகவும் சந்தோஷம் மேடம். ஒன்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இந்தக் கருவி அளப்பது கிளை உறிஞ்சிய நீரை, ஆவியான நீரை அல்ல. உறிஞ்சியதில் சிறு பங்கு ஒளிச்சேர்க்கைக்கும் செல்கள் விறைப்பாக இருக்கவும் உள்ளேயே தங்கும். வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். இன்னொன்று, தமிழில் எழுதும்போது ஒளியை அளக்கும் போட்டோமீட்டரும் இதுவும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. இதன் பெயர் 'குடிப்பது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உறிஞ்சுமானி என்று எழுதப் பழக்கினால் குழப்பம் வராது.

ஏழாம் பெஞ்ச்:
இதே இழையில் கேட்கலாமா? நான் மாணவன். ஒளிச்சார்பசைவைப் (செடி வெளிச்சத்தை நோக்கி வளைவதை) பார்ப்பதற்காக ஷூ பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டு, உள்ளே பச்சைப்பயறு நாற்று வைத்தேன். நான்கு நாளாகியும் செடி வளையவில்லை. நேராக, வெளிறிப்போய் வளர்கிறது. ஓட்டையை ஜன்னல் பக்கம்தான் வைத்திருக்கிறேன்.

தோட்டக்காரி:
தம்பி, ஓட்டை திறந்துதான் இருக்கிறதா? எதையாவது ஒட்டியிருக்கிறாயா?

ஏழாம் பெஞ்ச்:
பூச்சி போகாமல் இருக்கவும், பார்க்க அழகாக இருக்கவும் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினேன் அக்கா.

தோட்டக்காரி:
அதுதான் காரணம். செடி வளைவதற்கு நீல ஒளி வேண்டும். அதை உணரும் புரதங்கள் நுனிப்பகுதியில் இருக்கின்றன. அவை நீல ஒளியை உணர்ந்தால்தான் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கம் அதிகம் சேரும், அந்தப் பக்கச் செல்கள் நீளும், செடி வெளிச்சத்தை நோக்கிச் சாயும். சிவப்புத் தாள் நீலத்தை உள்ளே விடாது. செடியைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய இருட்டுப் பெட்டி.

ஆனால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாதே. புதிதாக முளைத்த பயறுகளோடு இன்னும் இரண்டு பெட்டி செய். ஒன்றில் நீலத்தாள், ஒன்றில் தாளே வேண்டாம். மூன்றையும் ஒரே ஜன்னலில் வை. இன்னொரு தொட்டியில் சில நாற்றுகளின் நுனிக்கு மட்டும் அலுமினியத் தாளில் தொப்பி செய்து மாட்டிப் பார். புல் முளைகளில் இப்படி நுனியை மறைத்து, வளையவில்லை என்று டார்வினும் அவர் மகனும் 1880இல் எழுதினார்கள். பயறில் என்ன ஆகிறது என்று நீ பார்த்துச் சொல்.

ஏழாம் பெஞ்ச்:
சரி அக்கா. இன்று இரவே பயறு ஊற வைக்கிறேன். படத்தோடு வருகிறேன்.