குவாரி வைத்திருக்கும் எம்.எல்.ஏ. சீனியரேஜைக் குறைக்கச் சொல்லலாமா?

மலையடிவாரத்தான்:
எங்கள் ஊருக்கு மேற்கே இரண்டு கரடு இருந்தன. ஒன்று இப்போது வெறும் குழி. அந்தக் குவாரியும் கிரஷரும் எங்கள் எம்.எல்.ஏ. குடும்பத்துடையவை. தூசுக்குப் பயந்து அம்மா துணியை வீட்டுக்குள்தான் காயப்போடுகிறார். போன கூட்டத்தொடரில் கனிமவளத் துறை மானியக் கோரிக்கை வந்தபோது அவர் எழுந்து, குவாரித் தொழில் நசிந்துவிட்டது, ஜல்லிக்கு அரசுக்குக் கட்டும் சீனியரேஜ் கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று பேசினார். தனக்குக் குவாரி இருப்பதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொந்தக்காரர் வழக்கு வந்தால் நீதிபதி விலகிக்கொள்கிறாரே, இவருக்கு அப்படி விதி கிடையாதா? பதவி போகாதா?

ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர்:
தம்பி, நான் ஒரு சட்டமன்றச் செயலகத்தில் 31 ஆண்டு வேலை பார்த்தவன். நீங்கள் கேட்பது இரண்டு கேள்வி. பதவி போகுமா என்பது ஒன்று, அந்த விஷயத்தில் மட்டும் ஒதுங்க வேண்டுமா என்பது இன்னொன்று. நம் சட்டம் முதல் கேள்வியைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறது.

ஆதாயம் தரும் பதவியை அரசமைப்பின் 191ஆவது பிரிவு தடுக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 9ஏ பிரிவு அரசு ஒப்பந்தத்தைப் பற்றியது. அரசுக்குச் சரக்கு கொடுக்கவோ அரசின் வேலையை எடுத்துச் செய்யவோ ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் தகுதியிழப்பு. ஆனால் சுரங்கக் குத்தகை அதில் வராது என்று கர்தார் சிங் படானா வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குத்தகைக்காரர் செய்வது அரசின் வேலை அல்ல, சொந்தத் தொழில் என்பதுதான் விஷயம். ஜார்க்கண்டில் ஹேமந்த் சோரன் முதல்வராகவும் சுரங்கத் துறையையும் கையில் வைத்திருந்தபோதே அவர் பெயரில் 0.88 ஏக்கர் கல்குவாரிக் குத்தகை வந்தது. 2022இல் புகார் எழுந்தது, அவர் குத்தகையை ஒப்படைத்தார். தேர்தல் ஆணையம் ஆகஸ்டில் ஆளுநருக்குக் கருத்து அனுப்பியது. ஆனால் பதவி போகவில்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்கு வலிக்கிற இடம். மக்களவை விதி 371 ஒரு உறுப்பினரின் வாக்கை, சொந்த அல்லது பண ஆதாயம் இருக்கிறது என்று இன்னொருவர் ஆட்சேபிக்க இடம் தருகிறது. நான் வேலை பார்த்த மன்றத்தின் விதியும் அதே அச்சுதான். அது டிவிஷனில், அதாவது யார் எந்தப் பக்கம் என்று எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பில், போட்ட வாக்குக்கு மட்டும். நம் மன்றங்களில் 'ஆம் என்போர், இல்லை என்போர்' என்று குரலிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். யார் வாக்கை யார் ஆட்சேபிப்பது? பேசுவதற்கோ தடையே இல்லை. அப்புறம் விதியின் விளக்கம்: ஆதாயம் அவருக்கு மட்டும் தனியாக உரியதாக இருக்க வேண்டும், ஒரு பிரிவினருக்கே பொதுவானதாக இருந்தால் ஆகாது. சீனியரேஜ் குறைந்தால் எல்லாக் குவாரிக்காரருக்கும் லாபம். அந்த ஓட்டை வழியாக உங்கள் ஆள் நிமிர்ந்தே நடந்து போய்விடுவார். என் பணிக்காலம் முழுக்க அந்த விதியை யாரும் எழுப்பி நான் பார்த்ததில்லை.

மாநிலங்களவை கொஞ்சம் பரவாயில்லை. உறுப்பினர் நலன் பதிவேடு உண்டு. பண ஆதாயம் உள்ள விஷயம் விவாதத்துக்கு வந்தால் பேசும் முன் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று விதி 294 கேட்கிறது. ஒவ்வொரு சட்டமன்றத்திலும் இந்த ஒன்றாவது வர வேண்டும் என்பது என் ஆசை.

கறுப்பு அங்கி:
ஐயா சொன்னதோடு டான்சி வழக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல்வராக இருந்தபோது ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனம் டான்சி என்ற தமிழ்நாடு அரசு நிறுவனத்தின் நிலத்தை வாங்கியது. 2003இல் உச்ச நீதிமன்றம் குற்றம் இல்லை என்று விடுவித்தது. அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளுக்குச் சட்ட வலிமை இல்லை என்றது. அதே தீர்ப்பில், மனசாட்சிக்குப் பதில் சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. வழக்கறிஞராக அந்தப் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. மனசாட்சியை எந்தக் கோர்ட்டில் அமல்படுத்துவது?

பீனிக்ஸ் வாசி:
நான் இருக்கும் அமெரிக்காவின் அரிசோனாவில் ஆதாயம் இருந்தால் அதைத் தெரிவித்துவிட்டு வாக்கிலிருந்து விலக வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. ஆனால் குறைந்தது 10 பேர் உள்ள தொழில் பிரிவில் ஒருவராக, மற்றவர்களைப் போலவே அவரும் லாபம் அடைந்தால் அது நலன் முரண் ஆகாது. பத்துக் குவாரிக்காரர் இருந்தால் இங்கும் அதே கதவு திறந்திருக்கும்.

மலையடிவாரத்தான்:
நன்றி ஐயா. அவருடைய வேட்புமனுப் பிரமாணப் பத்திரத்தை இறக்கிப் பார்த்தேன். குத்தகை மனைவி பெயரில் என்று ஊரில் பேச்சு. அந்தப் பத்திரத்தில் (படிவம் 26) அரசு ஒப்பந்தங்கள் என்ற இடத்தில் மனைவி கட்டத்திலும் 'இல்லை' என்றே இருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர்:
அந்தக் கட்டமே லோக் பிரஹரி என்ற அமைப்பு போட்ட வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2018இல் வந்ததுதான் தம்பி. குத்தகையை ஒப்பந்தம் என்று எழுத வேண்டுமா என்பதில் அவர்கள் வாதாடுவார்கள். அதனால் வருமான ஆதாரம் என்ற இடத்தையும், சொத்துப் பட்டியலில் நிறுவனப் பங்குகளையும் பாருங்கள். மாவட்டக் கனிமவள அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போட்டு, குத்தகை யார் பெயரில், எந்தத் தேதி முதல் என்று கேளுங்கள். பதில் வந்ததும் அவர் பேசிய நாளின் அவைக் குறிப்போடு இங்கே போடுங்கள். சபாநாயகருக்கு எழுதும் கடிதத்தை நான் வரைந்து தருகிறேன்.