மயில் போட்ட குஷன் கவரும் ஒரு வெள்ளைச் சட்டையும்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

தாழம்பூ

இரண்டு வருடமாக மனதில் கிடக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஐந்து குஷன் கவர் பெயிண்ட் செய்து தருகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். வெள்ளை கேஸ்மெண்ட் துணி, 16 அங்குலம், நடுவில் மயில். நாலு நன்றாக வந்துவிட்டது. ஐந்தாவது மயிலின் கழுத்து நீலம் மட்டும் வெளிறிப்போன மாதிரி இருந்தது. முந்தின நாள் ராத்திரி 11 மணிக்கு அதன் மேலேயே இன்னொரு கோட் கெட்டியாக ஏற்றினேன். வெளியே ஐப்பசி மழை. ஃபேனுக்குக் கீழே விரித்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலை 4 மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. சரி, காய்ந்துவிட்டது என்று குஷனை உள்ளே திணித்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஹோமம் நடக்கும்போது நாத்தனாரின் மாமனார் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புது வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாதது. பூர்ணாஹுதிக்கு எழுந்து முன்னால் போனார். முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு மயிலின் கழுத்து. தலை இல்லை, தோகை இல்லை, வெறும் கழுத்து, பளபளவென்று நீலம். வீடியோக்காரர் வேறு அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பந்தி வரைக்கும் அவர் முதுகை மறைத்தபடி ஒட்டி ஒட்டி நடந்தேன். "என்னம்மா, ஏதாவது வேணுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். "ஒண்ணுமில்லை மாமா" என்றேன். ஆல்பத்தில் மூன்று படங்களில் அந்தக் கழுத்து இருக்கிறது.

மெஷின்காரன்

நான் எதிர்க் கட்சி. பெயிண்ட் செய்தது மனைவி, துவைத்தது நான். நாலு ராத்திரி உட்கார்ந்து செம்பருத்திப் பூவாக வரைந்து, ஹாலில் கொடி கட்டிக் காயப்போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையில் கை கொடுப்போமே என்று கொடியில் கிடந்த எல்லாவற்றையும் அள்ளி மெஷினில் போட்டேன். வெந்நீர் சைக்கிள். காபியோடு வந்து பார்த்தால் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நுரை ரோஸ் கலரில் சுற்றுகிறது. கதவோ லாக். 40 நிமிஷம் திறக்காது. அவள் பக்கத்தில் வந்து நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கரூர் தறி

மெஷின்காரன் சார், பெயிண்ட் செய்து மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது, பாட்டிலிலேயே போட்டிருக்குமே.

என் கதை சின்னது. இங்கே எக்ஸ்போர்ட் யூனிட்டில் பேக்கிங் பார்க்கிறேன். குறை என்று ஒதுக்கிய செகண்ட்ஸ் துணியில் தைத்த கவர் நாலு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் வாத்துக் குஞ்சு வரைந்தாள். முதல் துவைப்பிலேயே வாத்து தோல் உரிந்த மாதிரி கையோடு வந்துவிட்டது. தப்பு என்னுடையது, துணியில் கஞ்சி இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்துபோகாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். புதுத் துணி மொடமொடவென்று இருப்பது அதனால்தான். அதன் மேல் பெயிண்ட் போட்டால் அது நூலைப் பிடிக்காது, கஞ்சியைத்தான் பிடிக்கும். கஞ்சி கரைந்தால் பெயிண்டும் கூடவே போகும். அதனால் முதலில் சோப்புப் பவுடர் போட்டு நன்றாக அலசிக் காயவையுங்கள். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், அதுவும் பெயிண்டை ஒட்டவிடாது. கஞ்சி போய்விட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்து மாதிரி நின்றால் இன்னொரு தடவை அலச வேண்டும். துணி பருத்தியாக இருக்கட்டும். பளபளக்கும் பாலியெஸ்டர் கவரில் உழைப்பு வீண். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் தண்ணீர் ஊற்றி இழுக்காதீர்கள், நூல் வழியாக ஓடி ஓரமெல்லாம் கசியும். பெயிண்டை இளக்க மீடியம் என்று தனியாக விற்கிறார்கள், அதைக் கலக்கலாம். தாழம்பூ அம்மா செய்த மாதிரி கெட்டியாக அப்பவும் கூடாது, மேலே ஆடை கட்டிக்கொண்டு உள்ளே ஈரமாகவே இருக்கும். விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் முழுசாகக் காயவிட வேண்டும். இன்னொன்று, கவர் 16 என்றால் உள்ளே போகும் குஷன் 18 இருக்கும், அப்போதுதான் புஸ்ஸென்று நிற்கும். தட்டையாக வைத்து வரைந்த படம் அதற்குள் உப்பும்போது இழுபடும். எங்கள் வீட்டு யானை கர்ப்பமானது அப்படித்தான்.

ஜரிகைப் பல்லி

மூன்று நாள் காத்திருந்தால் மட்டும் போதுமா கரூர் தறி? அயர்ன் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. ஒரு நாள் நன்றாகக் காய்ந்த பிறகு, கவரைப் புரட்டிப் பின்பக்கமாகத் தேய்க்க வேண்டும், ஸ்டீம் இல்லாமல். அந்தச் சூட்டில்தான் நிறம் பிடிக்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் முன்பக்கம் தேய்த்தவள். தங்க நிற மெட்டாலிக் பெயிண்டில் சங்குக் கோலம் போட்டிருந்தேன். பெட்டியை வைத்து எடுத்தேன், கோலத்தில் கால்வாசி பெட்டியின் அடியில். அதைச் சுரண்டித் துடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் இவர் ஆபீசுக்குப் போட்டுப்போன சட்டையில் இடது தோளில் மட்டும் தங்க ஜரிகை. மீட்டிங்கில் மேனேஜர் "என்ன சார், நேரா கல்யாணத்துலேருந்து வரீங்களா?" என்றாராம்.

மாடிவீடு

அயர்ன் எல்லாம் அவசியமே இல்லை. நான் பத்து வருடமாக வெயிலில்தான் காயவைக்கிறேன், ஒன்றும் போனதில்லை.

எனக்கு நடந்தது வேறு. உள்ளே அட்டை வைக்க மறந்து பெயிண்ட் செய்து, கவரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவை புத்திசாலித்தனமாக நியூஸ்பேப்பர் வைத்தேன். காய்ந்ததும் உருவினால் பாதிப் பேப்பர் உள்ளேயே தங்கிவிட்டது. என் தாமரைக்குப் பின்னால் வெளிச்சத்தில் பிடித்தால் "நல்ல குடும்பத்துப் பெண் தேவை" என்று வாசிக்கலாம். மாமியார் வாசித்துவிட்டார். அன்று முழுக்க என்னிடம் அவர் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று இன்னும் பிடிபடவில்லை.

ஜரிகைப் பல்லி

மாடிவீடு, ஒரு தடவை மெஷினில் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். மெஷின்காரனைக் கேளுங்கள்.

மெஷின்காரன்

என்னை விட்டுவிடுங்கள்.

புதுப்பானை

நான் முதல் தடவையாக மாங்காய் டிசைன் போட்டேன். மஞ்சள் கார்பனில் பிரதி எடுத்து, கோனில் அவுட்லைன் பிழிந்து, ஓரமெல்லாம் புள்ளி வைத்து, நாலு மாங்காயும் நாலு நிறம். மாமா வந்தவர் குஷனை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். "முந்திரிப்பருப்பு நல்லா வந்திருக்கு பாப்பா" என்றார்.

அதற்குப் பிறகு மாங்காய் டிசைன் பட்டுப்புடவையைப் பார்த்தால்கூட எனக்கு முந்திரிதான் தெரிகிறது.

தாழம்பூ

கரூர் தறி அண்ணா, கஞ்சியெல்லாம் எனக்குத் தெரியும், அலசித்தான் போட்டேன். நான் இங்கே எழுதியது பெயிண்ட் பற்றி இல்லை, நாத்தனாரின் மாமனாரிடம் வாயைத் திறக்காததைப் பற்றி.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி முடிந்து பத்து நாள் கழித்து அவர் மனைவி ஃபோன் செய்தார். மழை, மூட்டுவலி, பேத்தி ஸ்கூல் என்று பொதுவாகப் பேசிக்கொண்டே போனார். எனக்குக் கை வியர்த்துவிட்டது. வைக்கப்போகும் நேரத்தில், "ஏம்மா, அந்த மயில் நீலம் எந்தக் கடையில வாங்கின? நல்ல கெட்டி நிறம். சட்டையை நாலு தடவை துவைச்சாச்சு, அசையவே இல்லை" என்றார். குரலில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. நிஜமாகவே கடை விலாசம் எழுதிக்கொண்டார்.

காய்ந்த கறையை எடுக்க ஏதாவது வழி உண்டா?

கரூர் தறி

காய்ந்தால் கஷ்டம்மா. அது பிளாஸ்டிக் மாதிரி படிந்துவிடும், சோப்புக்கு மசியாது. ஈரமாக இருக்கும்போது என்றால் வெறும் பச்சைத் தண்ணீரே போதும். அன்றைக்கு அவர் சோபாவிலிருந்து எழுந்ததுமே சொல்லியிருந்தால் ஒரு சொம்புத் தண்ணீரில் போயிருக்கும்.